பிளாஸ்திரிப் பையனை ஆட வைத்த கியோனோ

பேஸ்பால் ஆடும் பள்ளிப் பையன்கள் மொட்டை போட்டுக்கொள்வார்கள். எங்கள் பக்கம் அதுதான் வழக்கம். கோடையில் ரயில் ஏறினால் ஒரு பெட்டி நிறைய மொட்டைகள், தோலுரித்த உருளைக்கிழங்கு மாதிரி, ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து தூங்கிக்கொண்டு போகும். ஆனால் வெள்ளிக்கிழமை ஏழு மணிக்கு டிவியில் வந்த கார்ட்டூன் தொடரின் ஆசாகிரிப் பள்ளி அணியில், பந்து வீசும் சகாகி என்ற பையனுக்கு மட்டும் பிடரிவரை முடி. மரத்தில் இலை அசையாத நாளிலும் அந்த முடி பறக்கும். மற்ற அத்தனை பேரும் மொட்டை. இது என்ன நியாயம் என்று முதலில் கேட்டவள் கியோனோ.

கேட்டது குனுகியிடம். குனுகி அந்த அனிமே தொடரை எடுத்த ஸ்டுடியோவின் ஆள். வண்டியை எடுத்துக்கொண்டு வீடு வீடாக வருவான். பூச வேண்டிய தாள்களைக் கொடுத்துவிட்டு, பூசி முடித்ததை வாங்கிக்கொண்டு போவான். தூக்கமே இல்லாதவன். செருப்பைக் கழற்றும்போதே கண் சொருகிவிடும்.

“ஏன் தம்பி, இந்தப் பயலுக்கு மட்டும் ஊர்ல முடிவெட்டுற ஆளு கிடைக்கலியா?”

“அவன் ஹீரோக்கா.”

“ஹீரோன்னா கோச் திட்டமாட்டாரா?”

“முடி பறந்தாத்தான் பொம்பளப் புள்ளைங்க பாக்குமாம். மேல சொல்றாங்க.”

“உன் முடியெல்லாம் பறந்தே போச்சு. எந்தப் பொண்ணு பாத்துச்சு?”

குனுகிக்கு அப்போது முப்பத்தைந்து வயதிருக்கும். அன்றிலிருந்து அவன் எங்கள் கட்டடத்துக்குத் தொப்பி போட்டுக்கொண்டு வர ஆரம்பித்தான்.

நாங்கள் இருந்தது டோக்கியோவுக்கு மேற்கே, ஹினோக்கிதாய் குடியிருப்பில், ஏழாம் கட்டடம். எல்லா வீடும் ஒரே அச்சு. குடித்துவிட்டு வரும் கணவன்மார் தப்பான வீட்டுக் கதவைத் தட்டுவார்கள், அவ்வளவு ஒரே அச்சு. கியோனோ எனக்குப் பக்கத்து வீடு. ஆள் குள்ளம், மணிக்கட்டு மட்டும் ஆண்பிள்ளை மணிக்கட்டு. காய்ந்த கணவாய் மீன் துண்டை வாயில் ஒதுக்கிக்கொண்டேதான் வேலை செய்வாள், அதைக் கடித்துக்கொண்டேதான் பேசுவாள். அவள் கணவன் பஸ் ஓட்டுபவன். வீட்டில் பேசும் வேலையை முழுசாக அவளிடம் ஒப்படைத்துவிட்ட மனிதன்.

எங்கள் வேலை இதுதான். பையன்களின் உருவம் கோடாக மட்டும், கண்ணாடி மாதிரித் தெளிவான தாளில், முன்பக்கத்தில் பதிந்து வரும். நாங்கள் தாளைத் திருப்பிப் போட்டு, பின்பக்கத்தில் வண்ணம் பூச வேண்டும். வண்ணப் புட்டிகளில் எண் இருக்கும். எனக்கு எழுத்துப் படிக்க வராது, எண் வரும், அது போதுமாக இருந்தது. தோலுக்கு ஒரு எண், தோலின் நிழலுக்கு ஒரு எண், மொட்டைத் தலைக்குச் சாம்பல் கலந்த நீலம். பின்பக்கம் பூசுவதால் முதலில் வைத்த வண்ணம்தான் முன்னால் தெரியும். அதற்குமேல் என்ன அப்பினாலும் அது பின்னால் ஒளிந்துகொள்ளும். இதை ஞாபகம் வைத்துக்கொண்டால் போதும், மற்றது தானாகப் புரியும்.

இந்த வேலைக்கு எதிரிகள் உண்டு. விரல் ரேகை, பூனை முடி, கொசுவர்த்திச் சாம்பல், மாமியார். விரல் ரேகைக்காக நுனி வெட்டிய பருத்திக் கையுறை போட்டுக்கொள்வோம். மின்விசிறி போட்டால் தூசி வந்து ஒட்டும் என்று கோடையிலும் ஜன்னலைச் சாத்திவிட்டு, கழுத்தில் ஈரத்துண்டைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்போம். கியோனோ வீட்டில்தான் கூடுவோம். நான், கியோனோ, மூன்றாம் மாடி நோபுயோ, இன்னும் இரண்டு மூன்று பேர். நோபுயோவுக்குக் கை வேகம், ஆனால் புத்தி எப்போதும் பக்கத்து அறை டிவியில் ஓடும் மதிய நாடகத்தில் இருக்கும். அவளே ஒத்துக்கொள்ள மாட்டாள். ஒத்துக்கொள்ளாவிட்டால் என்ன, நான் பார்த்தேன்.

கியோனோவுக்கு பேஸ்பால் தெரியாது. எனக்கும் தெரியாது. யார் ஜெயித்தால் என்ன, தாள் காய்ந்தால் சரி என்றுதான் இருந்தோம். எல்லாம் மாறியது ஒரு சொட்டு வெள்ளையால்.

ஆசாகிரி அணியின் பெஞ்சைக் காட்டும் தாள் ஒன்று வந்தது. ஆடாத பையன்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். அவர்களுக்குப் பெயர் கிடையாது, முகம் என்றுகூடச் சொல்ல முடியாது. இரண்டு புள்ளி, ஒரு கோடு, அதுதான் கண்ணும் வாயும். கியோனோ சட்டைக்கு வெள்ளை எடுத்தபோது தூரிகையிலிருந்து ஒரு சொட்டு, பெஞ்சின் கடைசியில் இருந்த பையனுக்கு மூக்கு இருக்க வேண்டிய இடத்தில் விழுந்தது. தோல் வண்ணம் இன்னும் வைக்கவில்லை. வெள்ளைதான் முதலில் விழுந்தது. என்ன பூசினாலும் முன்னால் வெள்ளைதான் தெரியும்.

“சொரண்டிடு,” என்றேன் நான். மூங்கில் குச்சியால் சுரண்டி எடுத்துவிடலாம்.

“சொரண்டினா தாளு கீறிடும், ஃபுசா. மூஞ்சில கீறலோட டிவில வரட்டுமா?” அவள் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள். பிறகு அந்தச் சொட்டை இரண்டு பக்கமும் இழுத்துச் சின்னக் கட்டமாக ஆக்கினாள். “பாரு. பிளாஸ்திரி. பய விழுந்து மூக்கைப் பேத்துக்கிட்டான்.”

“உக்காந்திருக்கிறவன் எங்க விழுந்தான்?”

“பெஞ்ச்லேருந்துதான்.”

ஸ்டுடியோவில் யாரும் கவனிக்கவில்லை. வெள்ளிக்கிழமை டிவியில் பெஞ்ச் வந்தது. கடைசியில் மூக்கில் பிளாஸ்திரியோடு ஒருவன். ஒரு கொட்டாவி விடும் நேரம்தான் இருந்தான். நாங்கள் போட்ட கூச்சலில் கீழ்வீட்டுக்காரர் துடைப்பக் கட்டையால் கூரையை இடித்தார்.

அதற்குப் பிறகு கியோனோ சும்மா இருப்பாளா? குனுகி தாள் கட்டுகளை எடுத்து வைத்ததும் முதலில் பெஞ்ச் இருக்கிறதா என்று தேடுவாள். அது வேறு கட்டடத்துக்குப் போகும் கட்டுக்குள் இருந்தால், கூட்டம் அலைமோதும் பார்வையாளர் வரிசைத் தாள்களை, ஒன்றில் நூறு தலை இருக்கும் அவற்றை, தானே கேட்டு வாங்கிக்கொண்டு பெஞ்சைப் பண்டமாற்றுச் செய்வாள். நூறு மொட்டைக்கு ஒரு பிளாஸ்திரி. குனுகி இதைத் தியாகம் என்று நினைத்துக்கொண்டு குனிந்து வணங்குவான்.

இப்படி வாரா வாரம் கடைசிப் பையன் பிளாஸ்திரியோடு வந்தான். கீழே மணல்தொட்டியில் விளையாடும் பிள்ளைகள் கண்டுபிடித்துவிட்டார்கள். ஒருநாள் நாலைந்து வாண்டுகள் மூக்கில் பிளாஸ்திரியோடு வரிசையாக உட்கார்ந்திருந்தன. என்னடா ஆட்டம் இது என்று கேட்டால், “பெஞ்ச் ஆட்டம். கூப்பிடுற வரைக்கும் எந்திரிக்கக்கூடாது,” என்றன. யாரும் கூப்பிடவில்லை. சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தன. பிள்ளைகளை இவ்வளவு அமைதியாக நான் பார்த்ததே இல்லை.

மாட்டிவிட்டது நோபுயோ. ஒரு வாரம் பெஞ்ச் பையன்கள் எழுந்து துண்டைச் சுழற்றி ஆரவாரம் செய்யும் காட்சி வந்தது. அசையும் காட்சி என்றால் ஒன்று இல்லை, அடுக்கடுக்காகத் தாள்கள். பாதி கியோனோ பூசினாள், பாதி நோபுயோ. அன்றைக்கு நாடகத்தில் யாருக்கோ கல்யாணம் நின்றுபோகிற நாள். நோபுயோ தன் பங்கில் பிளாஸ்திரியை மறந்தேபோனாள். டிவியில் பார்த்தால் பையன் துண்டைச் சுற்றச் சுற்ற பிளாஸ்திரி வருகிறது, போகிறது, வருகிறது, போகிறது. மூக்கில் மின்மினிப்பூச்சி உட்கார்ந்த மாதிரி.

மறுநாளே ஹோசுமி வந்துவிட்டாள். ஸ்டுடியோவில் வண்ணப் பிரிவின் தலைவி, பூசிய தாள்களைச் சரிபார்ப்பவள், எல்லோரும் மரியாதையாக ஹோசுமி சான் என்பார்கள். ஒல்லி, கறுப்புச் சட்டை, மடித்த கைக்குட்டை. படத்தில் ஒரு வண்ணம் விட்டு விட்டுத் தெரிந்து துடித்தால் அவளுக்குப் பல் வலி வருமாம், குனுகி சொல்லியிருக்கிறான். பின்னால் குனுகி, தொப்பியைக் கையில் பிசைந்துகொண்டு நின்றான்.

“மூக்குல வெள்ளை வெச்சது யாரு?”

“மூக்கா? எந்த மூக்கு?” என்றாள் கியோனோ.

“கடைசிப் பையன் மூக்கு.”

“ஓ, அவனா. பந்து பொறுக்கிப் போடுறப்ப மூக்குல பட்டுருச்சுங்க ஹோசுமி சான். பாவம்.”

“அப்படி எங்க எழுதியிருக்கு?”

“எழுதலீங்க. பட்டுருச்சு.”

“அப்ப ஏன் அது மறைஞ்சு மறைஞ்சு வருது?”

கியோனோ ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. “வேர்வைங்க. ஒட்டாம தொங்குது. வேகமா ஆடினா தெரியாது.”

குனுகி இருமுகிற சாக்கில் வெளியே ஓடிவிட்டான். ஹோசுமிக்குச் சிரிப்பு வரவில்லை. “ஆசாகிரி ஆட்டம் இன்னும் மூணு வாரம்தான். இனிமே ஒரு பிளாஸ்திரி கண்ணுல பட்டுச்சு, இந்தக் கட்டடத்துக்கு ஒரு தாள்கூட வராது. யாருக்குமே வராது. புரிஞ்சுதுங்களா அம்மா?”

“புரிஞ்சுதுங்க,” என்று கியோனோ தலை தரையில் படக் குனிந்தாள். அவள் அவ்வளவு தாழக் குனிந்தால் எனக்குப் பயம் வரும்.

ஆனாலும் இரண்டு வாரம் சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். கடைசிப் பையன் வெறும் மூக்கோடு உட்கார்ந்திருந்தான். கணவாயைக் கடிக்கிற சத்தம் மட்டும் கூடியிருந்தது.

பிறகு கடைசி ஆட்டத்தின் கட்டு வந்தது. செப்டம்பர், புயல் மழை. தாள்களைப் பூசுவதற்கு முன் விரல் நடுவில் வைத்துச் சரசரவென்று புரட்டினால் பையன்கள் அசைவது தெரியும். கியோனோவுக்கு அது ஒரு பொழுதுபோக்கு. புரட்டிக்கொண்டே வந்தவள் நிறுத்தினாள். மறுபடியும் புரட்டினாள்.

“ஃபுசா, இங்க வா. இது யாரு?”

கோடுதான், வண்ணம் இல்லை. ஒரு பையன் பெஞ்சின் கடைசியிலிருந்து எழுந்து வருகிறான். தொப்பியைக் கழற்றிவிட்டு ஹெல்மெட்டைப் போட்டுக்கொள்கிறான். மட்டையை எடுக்கிறான். களத்துக்குள் கால் வைக்குமுன் நின்று குனிந்து வணங்குகிறான். முதுகில் பதினான்காம் எண்.

“நம்ம பயதான்,” என்றேன்.

கடைசி ஆட்டத்தின் கடைசி நேரம். ஆசாகிரி ஒரு ஓட்டம் பின்தங்கியிருக்கிறது. கோச் திடீரென்று பெஞ்சிலிருந்து ஒருவனை மட்டை பிடிக்கக் கூப்பிடுகிறார். நம்மவன் போய் நிற்கிறான். முதல் பந்துக்கு மட்டையை வீசுகிறான், படவில்லை. இரண்டாவதுக்கு வீசுகிறான், படவில்லை. மூன்றாவதுக்கு மட்டையைத் தூக்கியபடியே நிற்கிறான், வீசவே இல்லை. சரியாக வந்த பந்தை வீசாமல் விட்டாலும் தவறியதாகத்தான் கணக்கு, மூன்று தவறினால் அவுட். அம்பயர் கையை உயர்த்துகிறார். அவுட். ஆட்டம் முடிந்தது. அப்புறம் சகாகி அழுகிறான், முடி பறக்க, தாள் தாளாக.

நாங்கள் தூரிகையைக் கீழே வைத்துவிட்டோம்.

“அக்கா, வேணாங்க்கா,” என்றாள் நோபுயோ. கியோனோ வாயைத் திறக்கும் முன்பே சொன்னாள், அவளுக்கும் தெரியும். “ஒண்ணு, நம்ம வேலை போயிடும். ரெண்டாவது, பிளாஸ்திரி வெச்சா, தோக்கடிச்சது நம்ம பயன்னு ஊருக்கே தெரிஞ்சுடும். வெறும் மூக்கோட விட்டுட்டா எவனோ ஒருத்தன். நம்ம பய பத்திரமா பெஞ்ச்லயே இருந்த மாதிரி.”

நியாயமாகத்தான் பட்டது எனக்கு. நோபுயோ நியாயமாகப் பேசியது அந்த ஒரு தடவைதான்.

கியோனோ கணவாயை வாயிலிருந்து எடுத்துத் தட்டில் வைத்தாள். நாங்கள் நிமிர்ந்து உட்கார்ந்தோம்.

“நான் பதினஞ்சு வயசுல நூல் மில்லுக்கு வந்தவ. தெரியுமில்ல? அங்க வாலிபால் அணி இருந்துச்சு. நானும் அணியில இருந்தேன். நாலு வருஷம். என்ன பண்ணினேன் தெரியுமா? எலுமிச்சங்காயை வெட்டித் தேன்ல போட்டு வெச்சேன். துண்டு மடிச்சேன். ‘விடாதே, விடாதே’ன்னு கத்தினேன். கோச்சுக்கு என் பேரு தெரியாது. ‘துண்டு, இங்க வா’ம்பாரு. ஒரு தடவ, ஒரே ஒரு தடவ உள்ள கூப்பிட்டு, நான் பந்தை வலைலயே அடிச்சு, ஆட்டமே போயி, எல்லாப் பொண்ணுங்களும் என்னைக் கரிச்சுக் கொட்டியிருந்தாளுகன்னா…” கியோனோ சிரித்தாள். “இன்னைக்கு வரைக்கும் அதைச் சொல்லிக்கிட்டுத் திரிவேன். உங்க காதெல்லாம் புண்ணாயிருக்கும்.”

மழை ஜன்னலை அடித்தது.

“பத்திரமாம் பத்திரம். நாலு வருஷம் நான் பத்திரமாத்தான் இருந்தேன். அவன் போயி அவுட் ஆகட்டும். ஆனா அது அவனா இருக்கணும்.”

“வேலை?” என்றேன்.

“உங்களை நான் கேக்கல. எம் பங்குத் தாளுக்கு நான் வெக்கிறேன். கேட்டா கியோனோதான் பண்ணினாள்னு சொல்லுங்க.”

நான் என் பங்குக்கும் வெள்ளைப் புட்டியைத் திறந்தேன். எனக்கு வீம்பு என்று என் பிள்ளைகள் சொல்வார்கள். அது வீம்பு இல்லை, எனக்கு அந்தப் பையனைப் பிடிக்கும். நோபுயோ மட்டும் தன் பங்கை எடுத்துக்கொண்டு மூலைக்குப் போய், எங்களுக்கு முதுகு காட்டி, வெறும் மூக்காகப் பூசினாள். அவளுக்கு மூன்று பிள்ளைகள், கணவனுக்கு வேலை அப்போது சரியில்லை. அவளை நான் குறை சொல்ல மாட்டேன். நாடகம் பார்த்ததைத்தான் குறை சொல்வேன்.

மழை ஈரத்தில் வண்ணம் சீக்கிரம் காயவில்லை. கயிறு கட்டித் தாள்களைக் கவ்விகளில் தொங்கவிட்டோம், துணி மாதிரி. மறுநாள் மதியம் குனுகி நனைந்துகொண்டு வந்தான். அறைக்குள் நுழைந்தவன் தலையை நிமிர்த்திப் பார்த்தான். அவன் தலைக்குமேல் வரிசை வரிசையாகப் பதினான்காம் எண் பையன்கள் மூக்கில் பிளாஸ்திரியோடு அவனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“அய்யய்யோ.”

“சோளத்தேநீர் வேணுமா தம்பி?”

“அய்யய்யோக்கா. நாளைக்கு டிவில போகணும். இன்னைக்குச் சாயங்காலம் படம் பிடிக்கிறவங்க காத்துக்கிட்டிருக்காங்க. ஹோசுமி சான் என்னைக் கொன்னே போட்டுருவாங்க.”

“உன்னை ஏன் கொல்றாங்க? நீயா பூசினே?”

குனுகி கீழே இறங்கிப் பொதுத் தொலைபேசிக்கு ஓடினான். தேநீர் ஆறுமுன் ஹோசுமி வந்து சேர்ந்தாள். குடையை மடிக்கக்கூட இல்லை. தாள்களைக் கயிற்றிலிருந்து வரிசைப்படி எடுத்தாள். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் புரட்டினாள். பிளாஸ்திரி, பிளாஸ்திரி, வெறும் மூக்கு, வெறும் மூக்கு, பிளாஸ்திரி. அவள் தாடையைப் பிடித்துக்கொண்டதை நான் பார்த்தேன். பல் வலி உண்மைதான் போலிருக்கிறது.

“துடிக்குது,” என்றாள். பிளாஸ்திரி இருந்ததைச் சொல்லவில்லை. “இது துடிக்குது. மறுபடியும்.”

“அது நோபுயோ பங்கு,” என்றேன். எங்கள் பக்கத்துக்கு நியாயம் சொல்ல வேண்டாமா?

“எல்லாத்தையும் சொரண்டி எடுங்க. இப்பவே.”

“எடுத்துடலாங்க,” என்றாள் கியோனோ, பணிவாக. “மூக்கைச் சொரண்டினா கன்னம் போகும். கன்னம் போனா மறுபடி தோல் பூசணும். பூசினா காயணும்.” ஜன்னலைக் காட்டினாள். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. “நாளன்னைக்குக் காயும்.”

ஹோசுமி தரையில் உட்கார்ந்தாள். பிளாஸ்திரி வைத்த தாள்களை ஒரு பக்கமும் வெறும் மூக்கை மறுபக்கமும் பிரித்து அடுக்கினாள். பிளாஸ்திரி அடுக்கு முழங்கால் உயரம். நோபுயோவின் அடுக்கு பாய் உயரம். நாங்கள் எல்லோரும் அந்த இரண்டு அடுக்கையும் பார்த்தோம். அவளும் பார்த்தாள்.

“ஏன் இவனைப் புடிச்சீங்க?” என்று கேட்டாள். “ஜெயிக்கிறவன் எத்தனையோ பேரு இருக்கான். இவன் அவுட் ஆகுறவன்.”

“மூணு மாசமா உக்காந்திருந்தான் ஹோசுமி சான். நீங்க பாக்கல. நான் பாத்தேன்.”

ஹோசுமி கைக்கடிகாரத்தைக் கழற்றிக் கைக்குட்டைமேல் வைத்தாள். கையுறையை எடுத்து மாட்டினாள். “துடிக்கிற படம் என் கையால வெளில போகாது. அதுக்காகத்தான். வேற எதுக்கும் இல்ல. மூங்கில் குச்சியைக் குடுங்க.”

நோபுயோவின் அடுக்கை அவள் முன்னால் இழுத்துக்கொண்டாள். மூக்கின்மேல் பொட்டளவு தோல் வண்ணத்தைச் சுரண்டினாள், தாள் கீறாமல். அதில் வெள்ளை வைத்தாள். அவ்வளவு நேர்த்தி! அளவுகோல் வைத்து வெட்டின மாதிரி நாலு மூலை. நாங்கள் வாயைப் பிளந்தோம். கியோனோ மட்டும் எட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள்.

“தப்புங்க.”

“என்ன தப்பு?”

“நேரா இருக்கு. அவன் கண்ணாடி இல்லாம தானா ஒட்டிக்கிட்டவன். கோணலா இருக்கணும். வலது பக்கம் தூக்கலா.”

குனுகி கண்ணை மூடிக்கொண்டான். ஹோசுமி கியோனோவைப் பார்த்தாள், கியோனோ அசையவில்லை. பிறகு ஹோசுமி அந்தப் பிளாஸ்திரியைச் சுரண்டினாள். கோணலாக வைத்தாள். வலது பக்கம் தூக்கலாக.

நோபுயோ எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அவளும் வைத்தாள். டிவியை அவளே போய் அணைத்துவிட்டு வந்தாள் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

சாயங்காலம் குனுகி கட்டுகளை மழைத் துணியில் சுற்றி, கைக்குழந்தை மாதிரி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இறங்கினான். ஹோசுமி வாசலில் செருப்பு மாட்டும்போது, “சொன்ன பேச்சு சொன்னதுதான். அடுத்த வாரத்துலேருந்து தாள் வராது,” என்றாள். கியோனோ குனிந்தாள். இந்தத் தடவை அளவாகத்தான் குனிந்தாள்.

வெள்ளிக்கிழமை ஏழு மணிக்கு ஏழாம் கட்டடமே கியோனோ வீட்டில் இருந்தது. பிள்ளைகள் முன்னால், நாங்கள் நடுவில், எதற்கு வந்தோம் என்று தெரியாத கணவன்மார் பின்னால். கீழ்வீட்டுக்காரரும் வந்திருந்தார், துடைப்பம் இல்லாமல். வறுத்த அரிசி அப்பளமும் பேரிக்காயும் சுற்றி வந்தன, யாரும் எடுக்கவில்லை. குனுகி கதவோரம் நின்றான். ஸ்டுடியோவில் ஹோசுமி முகத்தைப் பார்க்கப் பயந்து இங்கே வந்ததாகச் சொன்னான்.

கோச் பெஞ்சைத் திரும்பிப் பார்த்தார். கடைசியிலிருந்து அவன் எழுந்தான். பிளாஸ்திரி வலது பக்கம் தூக்கலாக, ஒரு தடவைகூடத் துடிக்காமல், அவனோடு களத்துக்கு நடந்து போனது. பிள்ளைகள் மூச்சுவிடவில்லை. முதல் பந்து. வீசினான், படவில்லை. இரண்டாவது. படவில்லை. கியோனோ என் மணிக்கட்டைப் பிடித்த இடம் ஒரு வாரம் நீலமாக இருந்தது.

மூன்றாவது பந்து வந்தது. இங்கே ஒன்று சொல்ல வேண்டும். மட்டை பிடிப்பவன் ஒரு தாளில் இருப்பான், பந்து வேறொரு தாளில் இருக்கும். ஸ்டுடியோவில் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் படம் பிடிக்கும்வரை, பந்து எந்த இடத்தில் அவனைத் தாண்டுகிறது என்று பூசின எங்களுக்கே தெரியாது. அன்றைக்குத்தான் முதல்முறையாகப் பார்த்தோம். பந்து வந்தது. அவன் மட்டையைத் தூக்கியபடி அசையாமல் நின்றான். பந்து அவன் முழங்காலுக்குக் கீழே, நன்றாகக் கீழே, போனது. அவ்வளவு தாழ வரும் பந்தை விட்டால் கணக்கில் சேராது, அதற்குள் அது எங்களுக்கே தெரிந்திருந்தது. ஆனாலும் அம்பயர் கையை உயர்த்தினார்.

“தாழ்வான பந்து!” கியோனோ எழுந்து நின்றுவிட்டாள். “தாழ்வா வந்துச்சு! அது ஸ்ட்ரைக் இல்ல!”

“அக்கா, கதைல அப்படித்தான் எழுதியிருக்கு,” என்றான் குனுகி.

“கதை எழுதினவன் வீட்ல உக்காந்திருந்தான். நான் இங்க பாக்குறேன். முழங்காலுக்குக் கீழ! அதான் அவன் வீசல. புத்திசாலிப் பய, அதான் விட்டான்!”

“அந்த அம்பயருக்கும் நீங்கதானேக்கா வண்ணம் பூசினீங்க?”

“பூசினேன். கண்ணு குருடுன்னு தெரிஞ்சிருந்தா பூசியிருக்க மாட்டேன்.”

திரையில் சகாகி அழுதுகொண்டிருந்தான், முடி அலை அலையாகப் பறந்துகொண்டிருந்தது. ஒருவரும் அவனைப் பார்க்கவில்லை. வீடே இரண்டு கட்சியாகிவிட்டது. பிள்ளைகள் அம்பயரைத் திட்டின. கீழ்வீட்டுக்காரர் முழங்கால் ஓரத்தைத் தொட்டது என்றார், அவரை மறுபடியும் யாரும் கூப்பிடவில்லை. பின்வரிசையில் கியோனோவின் கணவன் தொண்டையைக் கனைத்தான். எல்லோரும் திரும்பினோம். அவன் அந்த வீட்டில் பேசி நான் கேட்டது கொஞ்சம்.

“தாழ்வுதான்,” என்றான். பேரிக்காய்த் துண்டு ஒன்றை எடுத்துக்கொண்டான்.

அடுத்த வாரம் தாள் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. கியோனோ எதிலும் கலங்கவில்லை. மீன் கடையில், குளியல் கூடத்தில், கணவன் ஓட்டும் பஸ்ஸில் என்று போன இடமெல்லாம் அந்தப் பந்தைப் பற்றியே பேசினாள். உணவுக் குச்சியை மட்டையாகப் பிடித்து, முழங்கால் எங்கே, பந்து எங்கே என்று காட்டினாள். அவன் தோற்றுவிட்டான் என்று யாராவது சொன்னால் விடவே மாட்டாள். எங்கள் காதெல்லாம் புண்.

இலை பழுக்கிற நேரத்தில் ஒருநாள் மதியம் வாசலில் வண்டிச் சத்தம். குனுகி இரண்டு கட்டுகளைச் சுமந்துகொண்டு ஏறினான், வேறொரு தொடர், மாயக்காரப் பெண்பிள்ளை கதை. முன்னால் ஹோசுமி வந்தாள். பக்கத்துக் கட்டடத்துக்குக் கொடுத்துப் பார்த்தார்களாம், தாளெல்லாம் விரல் ரேகையாம். அவள் அதைச் சொல்லவில்லை, குனுகி பின்னாலிருந்து சைகை காட்டினான். அவள் செருப்பைக் கழற்றி, திருப்பி நேராக வைத்துவிட்டு, தலை நிமிராமலே சொன்னாள்.

“படத்தை மறுபடியும் போட்டுப் பாத்தேன். தாழ்வான பந்துதான்.”

கியோனோ அவளுக்கு உட்காரும் மெத்தையைத் தள்ளிப் போட்டாள். “அப்ப அவன் அவுட் இல்ல.”

“அவுட்தாங்க. அம்பயர் கையைத் தூக்கிட்டா அவுட்தான்.”

“தாழ்வுன்னு நீங்களே சொன்னீங்களே!”

“தாழ்வுதான். அவுட்டும்தான்.”

“அது எப்படிங்க ரெண்டும் இருக்கும்?”

“உக்காருங்க, சொல்றேன்,” என்றாள் ஹோசுமி. கைக்கடிகாரத்தைக் கழற்றி வைத்தாள். நான் தேநீர் வைக்க எழுந்தேன். கட்டுகளை யாரும் பிரிக்கவில்லை.